மோஷிதெரு: கொடுக்கவும் கேட்கவும் ஒரே சொல்லா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழியை ஓரளவு படித்துவிட்டு அகராதியில் 'மோஷிதெரு' என்ற வினைச்சொல்லைத் தேடியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். உதவ முன்வருதல் என்று ஒரு பொருள் போட்டிருக்கும். அடுத்த வரியிலேயே கோரிக்கை வைத்தல், அதற்கடுத்து புகார் தெரிவித்தல், ராஜினாமா செய்ய விரும்புவதாகச் சொல்லுதல். கொடுப்பதும் கேட்பதும் ஒரே சொல்லில் எப்படி இருக்க முடியும்? இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குத்தான் பதில்.

எழுத்து முறை பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறோம். ஒ-ஓ, எ-ஏ வேறுபாடு தமிழில் இருப்பதால் குறில் நெடில் தவறாது. சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் க, த, ப மெலிந்து ஒலிக்கும்; வல்லோசை வேண்டிய இடத்தில் க்க, த்த என்று இரட்டித்திருக்கிறோம். அதைப் பார்த்து நாக்கை அழுத்த வேண்டாம். சீன எழுத்துகளைக் 'கான்ஜி' என்று காலெழுத்துப் போட்டே எழுதுகிறோம். காலெழுத்து விட்டுப்போனால் பசிக்கும்.

மோஷிதெரு என்றால் சரியாக என்ன?

இரண்டு வினைகள் ஒட்டிப் பிறந்தது. முதலாவது 'மோஸு': 'சொல்' என்பதன் பணிவு வடிவம். தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது "குமார் தொ மோஷிமாஸ்" என்று வருமே, அதே மோஸுதான். இரண்டாவது 'தெரு': வெளியே வா. ஆக, மனதில் இருப்பதைத் தானாகவே வெளியே கொண்டுவந்து, அதைக் கவனிக்க வேண்டியவரின் முன் வைப்பது மோஷிதெரு.

தமிழில் இதற்கு மிக அருகில் நிற்பது 'முன்வருதல்'. உதவ முன்வந்தார், சாட்சி சொல்ல முன்வந்தார், பதவி விலக முன்வந்தார் என்கிறோம். ஆனால் தமிழில் 'லீவு கேட்க முன்வந்தார்' என்றால் சிரிப்பார்கள். ஜப்பானியச் சொல் அங்கேயும் நிற்கும். அதனால் 'முன்வந்து சொல்லுதல்' என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பதோ கேட்பதோ சொல்லுக்குள் இல்லை. யாரும் கேட்காமல் தானாகச் சொல்வதும், அதைக் கவனிக்கப் பொறுப்பு உள்ளவரிடம் சொல்வதும் மட்டுமே அதற்குள் இருக்கின்றன.

அப்படியானால் ஒரு வாக்கியத்தில் கொடுக்கிறாரா கேட்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். அந்தச் செயலை யார் செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

சொல்பவரே செய்யப் போவது என்றால் அது கொடுப்பு: 'என்ஜொ ஒ மோஷிதெரு' (உதவி தர முன்வருதல்), 'க்யோர்யொக்கு ஒ மோஷிதெரு' (ஒத்துழைக்க முன்வருதல்), 'கிஃபு ஒ மோஷிதெரு' (நன்கொடை தர முன்வருதல்). எதிரில் இருப்பவர் செய்ய வேண்டியது, அல்லது அவர் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும் என்றால் அது கோரிக்கை: 'என்க்கி ஒ மோஷிதெரு' (தள்ளிவைக்கக் கேட்டல்), 'ஹென்க்கோ ஒ மோஷிதெரு' (மாற்றக் கேட்டல்), 'கையக்கு ஒ மோஷிதெரு' (ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லுதல், செல்போன் இணைப்பு, ஜிம் உறுப்பினர் அட்டை இரண்டுக்கும் இதுதான்). ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால் தகவல்: 'ஃபுன்ஷித்சு' (தொலைந்துபோனது), 'ஹிகை' (பாதிப்பு).

ஒரே பெயர்ச்சொல் இரண்டு பக்கமும் சாய்வதும் உண்டு. 'கோத்தை' என்றால் ஆள் மாற்றம். கால்பந்தில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆட்டக்காரர் கோத்தையை மோஷிதெரு செய்தார் என்றால் தன்னை வெளியே எடுக்கச் சொன்னார். நெடுந்தூரப் பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஓட்டுநரிடம் கோத்தையை மோஷிதெரு செய்தார் என்றால் "நான் ஓட்டுகிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள்" என்றார். சொல்லும் வாக்கிய அமைப்பும் மாறவே இல்லை; களம்தான் வேறு. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் அகராதியின் நான்கு பொருள்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

செய்திகளில் அதிகம் காண்பது கொடுப்புப் பொருள்தான். 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்த பிறகு வெளிநாடுகள் உதவ முன்வந்ததைச் சொல்ல 'ஷியென் ஒ மோஷிதெரு' (ஆதரவு தர முன்வருதல்) என்ற தொடர் திரும்பத் திரும்ப வந்தது. மியாகி மாநிலத்தின் ஒனகாவாவுக்கு மீட்புக் குழுவை அனுப்பிய இந்தியாவும் அந்த நாடுகளில் ஒன்று.

எப்படி உச்சரிப்பது, எப்படித் தட்டச்சு செய்வது?

முதல் எழுத்து நெடில்: மோ. இதைக் குறிலாக்கி 'மொஷி' என்றால் 'ஒருவேளை', அதாவது 'இப்படி இருந்தால்' என்ற சொல்லாகிவிடும். விசைப்பலகையிலும் அதே பிழைதான் நடக்கும்: ஹிரகானாவில் (ஜப்பானிய அசையெழுத்தில்) மொ, உ, ஷி, தெ, ரு என்று ஐந்து அசை அடிக்க வேண்டும். 'உ' விட்டுப்போனால் சரியான கான்ஜி வராது.

கான்ஜி இரண்டு, ஒவ்வொன்றும் 5 கோடுகள். முதலாவது, சூரியனுக்கான எழுத்தின் நடுவே மேலிருந்து கீழாக நெடுங்கோடு இழுத்தது போல இருக்கும். பன்னிரண்டு விலங்கு ஆண்டுகளில் குரங்கைக் குறிப்பதும் இந்த எழுத்துதான். அகராதியில் குரங்கு தென்பட்டால் பயப்பட வேண்டாம். இரண்டாவது, மலைமேல் மலை அடுக்கியது போல. இரண்டுக்கும் நடுவில் ஹிரகானா 'ஷி'. சட்டம், அரசுப் படிவங்களில் பெயர்ச்சொல்லாக வரும்போது அந்த 'ஷி' காணாமல் போய் கான்ஜி இரண்டும் ஒட்டி நிற்கும். அது வேறு சொல் இல்லை.

இலக்கணத்தில் எங்கே தவறு வரும்?

திரிபு எளிது: 'ரு'வை வெட்டி ஒட்டினால் போதும். மோஷிதெமாஸ், மோஷிதெத்தெ, மோஷிதெத்த, மோஷிதெனை.

தவறு வருவது வேற்றுமை உருபில். 'தெரு' தனியாக நின்றால் செயப்படுபொருள் குன்றிய வினை, 'வெளியே வருகிறது'. அந்தப் பழக்கத்தில் 'க' உருபைப் போட்டுவிடுகிறார்கள். மோஷிதெருவுக்கு முன்னால் 'ஒ' வர வேண்டும், தமிழின் 'ஐ' உருபு போல. யாரிடம் என்பதற்கு 'நி'. அறிவிப்புப் பலகைகளில் அந்த 'நி' பெரும்பாலும் 'மதெ' (வரை) ஆகிவிடும். 'ஊழியர் வரை தெரிவிக்கவும்' என்பது போல, சற்று மென்மையான வழிகாட்டல். முழு வாக்கியத்தையே உள்ளே வைக்க 'தொ': "யமெத்தை தொ மோஷிதெத்த" என்றால் 'வேலையை விட விரும்புகிறேன் என்று தெரிவித்தார்'. அலுவல் கடிதங்களில் அந்தத் 'தொ' இருக்கும் இடத்தில் 'முனெ ஒ' வரும். தமிழ் அரசாணைகளில் 'என்ற விவரத்தை' என்று வருமே, அதே மணம்.

பெயர்ச்சொல் 'மோஷிதெ'. அதை மறுத்தால் 'கொத்தொவரு', திரும்பப் பெற்றால் 'தொரிசகெரு', இணங்கினால் 'நி ஓஜிரு'. 'உக்கெரு' என்ற வினையில் மட்டும் கவனம்: அது 'கோரிக்கை வந்தது' என்றும் பொருள்படும், 'ஏற்றுக்கொண்டோம்' என்றும் பொருள்படும். மின்னஞ்சலில் அப்படி எழுதிவிட்டு, ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு எடுத்துக்கொண்டால் சிக்கல். ஏற்றதைச் சொல்ல 'உக்கெயிரெரு' என்று முழுதாக எழுதுங்கள்.

ரயில் நிலையம், கடை, மருத்துவமனை எங்கும் 'ஒமோஷிதெ குதசை' என்று எழுதியிருக்கிறதே, என்ன செய்யச் சொல்கிறார்கள்?

'சொல்லுங்கள்' என்கிறார்கள், அவ்வளவுதான். படிவம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பலகையில் ஒரு மறைமுக விதி இருக்கிறது: நீங்களாக வாய் திறக்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

உணவகத்தின் மெனு அட்டையில் அடிக்கடி காணும் வரி ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்: "அரெருகீ ஒ ஒமொச்சி நொ ஒக்யக்குசம வ, சுத்தஃப்பு மதெ ஒமோஷிதெ குதசை." அரெருகீ என்பது அலர்ஜி. 'ஒமொச்சி நொ' என்றால் வைத்திருக்கும், மரியாதையோடு. 'ஒக்யக்குசம' வாடிக்கையாளர். 'சுத்தஃப்பு மதெ' ஊழியரிடம். பிறகு நம் சொல், முன்னால் மரியாதை 'ஒ', பின்னால் 'குதசை'. மொத்தத்தில், 'உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் ஊழியரிடம் தெரிவிக்கவும்'.

சைவ உணவுக்காரர்களுக்கும் இந்த வரிதான் நுழைவாயில். அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே, "நிக்கு தொ சகன வ தபெரரெமசென்" (இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது) என்று சொல்லுங்கள். இதோடு நிறுத்தினால் போதாது. மீன் துண்டு தட்டில் இருக்காது; ஆனால் சூப்பும் குழம்பும் காய்ந்த 'கத்சுவோ' மீன் சீவலில் இறக்கிய 'தஷி' சாற்றில் வெந்திருக்கும். சமையல்காரர் கண்ணில் அது மீன் அல்ல, சுவை. "சகன நொ தஷி மொ தமெ தெஸ்" (மீன் தஷியும் கூடாது) என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலை சுலபமாகட்டும் என்று அலர்ஜி என்று பொய் சொல்லாதீர்கள். பாத்திரம், எண்ணெய், கத்தி எல்லாவற்றையும் தனியாக வைக்க வேண்டிய பொறுப்பு சமையலறைக்கு வந்துவிடும். முடியாது என்று கை விரித்துவிடுவார்கள்.

இன்னொரு சங்கதி: பலகையில் 'ஒமோஷிதெ' என்று இருக்கிறதே என்று நீங்கள் பேசும்போது "மோஷிதெமாஸ்" என்று தொடங்க வேண்டாம். 'தெரிவிக்கவும்' என்று எழுதிய கவுன்டரில் போய் 'நான் தெரிவிக்கிறேன்' என்று ஆரம்பிப்பது எப்படி இருக்கும்? நேராக விஷயத்துக்கு வாருங்கள். "சுமிமசென்" என்று கூப்பிட்டுவிட்டு, ரசீது வேண்டுமா, உடம்பு சரியில்லையா, அதைச் சொன்னால் போதும்.

மோஸு பணிவுச் சொல்லாயிற்றே. வாடிக்கையாளரைப் பார்த்து 'ஒமோஷிதெ குதசை' என்றால் அவரைத் தாழ்த்துவது ஆகாதா?

நியாயமான சந்தேகம், ஜப்பானியர்களே கேட்பது. பணிவு வினையைத் தன் செயலுக்குத்தான் போட வேண்டும், எதிரில் இருப்பவரின் செயலுக்குப் போட்டால் அவமதிப்பு என்பது பொது விதி. 'உங்கள் பெயரைச் சொல்லுங்கள்' என்பதற்கு 'மோஷிதெ' இல்லாமல் வெறும் மோஸுவைப் போட்டால் தவறுதான். ஆனால் மோஷிதெரு, மோஷிக்கொமு போன்ற கூட்டுச் சொற்களில் அந்தப் பணிவு தேய்ந்துபோய்விட்டது. ஜப்பானின் பண்பாட்டு ஆலோசனைக் குழு 2007-இல் வெளியிட்ட 'கெய்கொ நொ ஷிஷின்' என்ற மரியாதை மொழி வழிகாட்டியும் இத்தகைய தொடர்களைத் தவறில்லை என்றே சொல்கிறது. 'அருள்கூர்ந்து' என்று எழுதும் எல்லோரும் அருளை நினைத்தா எழுதுகிறோம்? அதுபோல.

நானே ஒருவருக்கு உதவ முன்வரும்போது இந்தச் சொல்லைச் சொல்லலாமா?

வேண்டாம். மோஷிதெரு நடந்ததைப் பற்றிப் பேசும் சொல். 'அவர் உதவ முன்வந்தார்' என்று பிறகு விவரிக்க. நேருக்கு நேர் உதவும்போது தமிழில் 'நான் முன்வருகிறேன்' என்றா சொல்கிறோம்? 'பிடிச்சுக்கட்டுமா?' என்கிறோம்.

ஜப்பானியத்தில் அந்தப் 'பிடிச்சுக்கட்டுமா' இப்படி ஏறும். நண்பரிடம் "தெத்சுதவோக்க". கொஞ்சம் மரியாதை வேண்டிய இடத்தில் "ஒத்தெத்சுதை ஷிமஷோக்க". வாடிக்கையாளர், மேலதிகாரி என்றால் "ஒத்தெத்சுதை இத்தஷிமஷோக்க". பெட்டியைத் தூக்க வேண்டும் என்றால் கேள்வியே வேண்டாம். "ஒமொச்சி ஷிமாஸ்" (நான் எடுத்து வருகிறேன்) என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவது கேட்டு நிற்பதைவிட இயல்பு.

இங்கே ஒரு குழி உண்டு. 'சஷியகெரு' என்பது 'கொடு' என்பதன் பணிவு வடிவம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதை நம்பி மேலதிகாரியிடம் "தெத்சுதத்தெ சஷியகெமஷோக்க" என்று கேட்பவர்கள் நிறைய. சொல் பணிவாக இருந்தாலும், 'உங்களுக்கு இந்த உபகாரத்தைச் செய்து தரட்டுமா' என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நன்மை செய்கிறேன் என்பதை மேலே இருப்பவரின் முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டுவதுதான் பிழை. மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசும்போது அதைப் பயன்படுத்தினால் சிக்கல் இல்லை.

இன்னொன்று 'சசெத்தெ இத்ததக்கு' (செய்ய அனுமதி பெற்றுக்கொள்கிறேன்). இப்போது எல்லா வினைக்கும் பின்னால் இதை ஒட்டும் வழக்கம் பெருகிவிட்டது. மேலே சொன்ன 2007 வழிகாட்டி இதற்கு இரண்டு நிபந்தனை வைக்கிறது: எதிரில் இருப்பவரோ வேறொருவரோ அனுமதித்திருக்க வேண்டும்; அதனால் உங்களுக்கு நன்மை கிடைக்கிறது என்ற உண்மையோ உணர்வோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் வந்தால் பணிவு வழிந்து ஒழுகும்.

மேலதிகாரியிடம் விடுப்பு கேட்க எந்தச் சொல்?

வாயால் கேட்கும்போது: "ரைஷூ நொ கின்யோபி, ஒயசுமி ஒ இத்ததக்கித்தை நொ தெசுக..." அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், ஆனால்... அந்த 'க'வோடு நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தை எதிரில் இருப்பவர் நிரப்புவார். "ஒருநாள் லீவு வேணும் சார்..." என்று இழுத்து நிறுத்துவது நமக்கும் பழகியதுதான்.

"க்யூக்க ஒ மோஷிதெமாஸ்" என்றால் இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் காதில் மனு வாசிப்பது போல விழும். பிறகு மனிதவளப் பிரிவு அறிக்கையில் 'ஊழியர் விடுப்பு கேட்டார்' என்று எழுதும்போது மோஷிதெரு பொருத்தமாக வந்து அமரும்.

பொதுவாக ஒரு வேலையைச் செய்யச் சொல்லிக் கேட்பதென்றால் படிகள் இவை, கீழிருந்து மேலாக: "குதசை" (செய்யுங்கள், வாடிக்கையாளருக்கு ஆகாது, மேலதிகாரிக்கும் ஆகாது), "இத்ததக்கெமாஸ்க்க", "இத்ததக்கெமசென்க்க", "இத்ததக்கெனை தெஷோக்க". எதிர்மறை சேரச் சேர, கேள்வி நீளமாக நீளமாக, மென்மை கூடும். முன்னால் "ஒசொரெயிரிமசுக" (மன்னிக்கவும், ஆனால்) அல்லது "ஒத்தெசூ தெசுக" (சிரமம்தான், ஆனால்) வைப்பது வழக்கம். இரண்டையும் சேர்த்து, முடிவில் நீளமான கேள்வியும் போட்டால், அவசர வேலை அந்தப் பஞ்சுக்குள் எங்கேயோ தொலைந்துவிடும். அவசரம் என்றால் தேதியையும் நேரத்தையும் முதல் வரியிலேயே போடுங்கள்.

சட்டத்திலும் படிவங்களிலும் இந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டா?

உண்டு, அங்கேதான் இது பல் முளைத்து நிற்கிறது. ஜப்பானில் வேலை செய்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். இங்கே வரும் சொற்களைக் குழப்பிக்கொண்டால் உரிமை கைநழுவிப் போகலாம்.

குழந்தை வளர்ப்பு விடுப்பு, 'இக்குஜி க்யூக்யோ'. இதற்கான சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்காகத் தொழிலாளி முதலாளியிடம் 'மோஷிதெரு' செய்வதன் மூலம் விடுப்பு எடுக்கலாம் என்கிறது. 6-ஆம் பிரிவு, அந்த மோஷிதெவை முதலாளி மறுக்க முடியாது என்கிறது. சேர்ந்து ஓராண்டு ஆகாதவர் போன்ற சிலரைத் தொழிலாளர் தரப்போடு எழுதிய ஒப்பந்தத்தின் மூலம் விலக்கி வைக்கலாம். அந்த விலக்கு மட்டும்தான். விரும்பிய தேதியில் தொடங்க வேண்டும் என்றால் 1 மாதம் முன்பே கொடுக்க வேண்டும். இதைப் போய் 'தயவுசெய்து அனுமதியுங்கள்' என்ற கடிதமாக எழுதுகிறார்கள். இது அனுமதி கேட்பதல்ல, முன்வந்து தெரிவிப்பது. தெரிவித்தவுடன் உரிமை எழுந்து நிற்கிறது. அகராதியில் 'கோரிக்கை' என்று போட்டிருப்பதை நம்பியவர் இங்கே ஏமாறுவார்.

சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்புக்கு வேறு சொல்: 'சேக்யூ', உரிமைகோரல். (கடையில் பில்லுக்கும் இதே சொல்தான் வரும், 'சேக்யூஷொ'.) தொழிலாளர் தர நிலைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி 6 மாதம் தொடர்ந்து வேலை செய்து, வேலை நாட்களில் 80 விழுக்காடு வந்திருந்தால் 10 நாள். நீங்கள் கோரிய நாளில் தர வேண்டும். வழக்கமான வேலை கெடும் என்றால் நாளை மாற்றலாமே தவிர, இல்லை என்று சொல்ல முடியாது.

வேலையை விடுவதற்கு 'மோஷீரெ' (சொல்லி உள்ளே வைத்தல்). குடிமைச் சட்டத்தின் 627-ஆம் பிரிவின்படி, காலவரையறை இல்லாத வேலை ஒப்பந்தம் இந்த மோஷீரெ நாளிலிருந்து 2 வாரத்தில் முடிகிறது. கையில் கொடுக்கும் காகிதத்தின் தலைப்பைக் கவனியுங்கள். 'தைஷொக்கு நெகை' என்றால் விலக அனுமதி வேண்டும் விண்ணப்பம். நிறுவனம் ஏற்கும்வரை திரும்பப் பெறலாம். 'தைஷொக்கு தொதொக்கெ' என்றால் விலகுகிறேன் என்ற அறிவிப்பு. கொடுத்துவிட்டால் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. மனம் ஊசலாடும்போது இரண்டாவதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலை மாறியதைக் குடிவரவு அலுவலகத்துக்கு 14 நாளுக்குள் தெரிவிப்பது தொதொக்கெ வகை. வீடு மாறி நகராட்சியில் பதிவதும் அப்படியே, அதற்கும் 14 நாள். விசா வகையை மாற்றுவது 'ஷின்சே', அனுமதி கேட்கும் விண்ணப்பம். தொதொக்கெ கொடுத்தால் முடிந்தது. ஷின்சே கொடுத்தால் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

மோஷிதெ என்ற சொல்லையே பெயரில் வைத்திருக்கும் படிவம் ஒன்று: 'ஃபுஜுரி மோஷிதெ', ஏற்காதிருக்கக் கோரும் மனு. ஜப்பானில் இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கு நீதிமன்றம் தேவையில்லை. இருவர் கையெழுத்தும் 2 சாட்சிகள் கையெழுத்தும் உள்ள படிவத்தை நகராட்சியில் கொடுத்தால் போதும். அங்கே காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் மற்றவர் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்துவிட்டால்? அதைத் தடுக்க, 'நான் நேரில் வந்ததாக உறுதியாகாதவரை என் பெயரில் வரும் மணவிலக்குப் படிவத்தை ஏற்காதீர்கள்' என்று முன்கூட்டியே கொடுத்து வைப்பது இது. முன்பு 6 மாதத்துக்கு மேல் செல்லாது. 2008-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, கொடுத்தவரே திரும்பப் பெறும்வரை நிற்கும்.

மோஷிதெருவின் பங்காளிகளை எப்படிப் பிரித்தறிவது?

மோஷிக்கொமு: பதிந்துகொள்ள விண்ணப்பித்தல். வகுப்பு, உறுப்பினர், போட்டிக்கு அழைப்பு, கல்யாணம் கேட்பது எல்லாம் இதில். 'கெக்கொன் ஒ மோஷிக்கொமு' என்றால் திருமணத்துக்குக் கேட்டல். அங்கே மோஷிதெரு போட்டால் பெண்ணை நகராட்சி அலுவலகம் ஆக்கிவிடுவீர்கள். ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு தரப்பு வைக்கும் முன்மொழிவுக்கும் இதன் பெயர்ச்சொல்தான்.

மோஷீரெரு: எதிர்த்தரப்புக்கு முறைப்படி வைப்பது, கண்டனம், பேச்சுவார்த்தை அழைப்பு போல. மோஷித்தத்தெரு: நீதிமன்றம், ஆணையத்தில் ஆட்சேபம் எழுப்புவது. மோஷித்சுக்கெரு: கீழே இருப்பவருக்குக் கட்டளையிடுவது, அதனால்தான் ஓட்டல் ஊழியர் தன்னைத் தாழ்த்தி "நன் நரி தொ ஒமோஷித்சுக்கெ குதசை" (எதுவானாலும் கட்டளையிடுங்கள்) என்கிறார். மோஷியுக்கெரு: கட்டணம் வாங்கிக்கொள்வோம் என்பதற்கு நாகரிக உறை. 'நெகைதெரு'வில் கெஞ்சல் கலந்திருக்கும். 'இரை' என்றால் ஒரு வேலையைச் செய்து தரச் சொல்லிக் கேட்பது. தமிழ்க் கண்ணுக்கு வேட்டை நினைவு வந்தாலும் அப்பாவிச் சொல்.

'ஆஃபர்' என்று நாம் சொல்லும் எல்லா இடத்திலும் மோஷிதெரு போடலாமா?

இங்கேதான் பாதிப் பிழைகள். விருந்தாளிக்குக் காபி கொடுப்பது மோஷிதெரு அல்ல; கொண்டுவந்து வைப்பது 'தசு', குடிக்கச் சொல்லி உபசரிப்பது 'சுசுமெரு'. வேலை கிடைத்தது என்பதற்கு, புதிதாகப் படித்து முடித்தவருக்கு 'நைத்தே'. கடைத் தள்ளுபடிக்கு 'க்யன்பேன்'. விலை சொல்வதற்கு 'தேஜி'. ஆனால் விற்பவர் தானாகவே 'விலையைக் குறைத்துத் தருகிறேன்' என்று முன்வந்தால் 'நெபிக்கி ஒ மோஷிதெரு' சரி. முன்வந்து வாயால் சொல்லியிருக்கிறாரா என்பதே சோதனை. கையால் நீட்டினால் வேறு சொல்.

ஒருவர் உதவ முன்வருகிறார்; மனம் கோணாமல் மறுப்பது எப்படி?

அவருடைய முன்வரவுக்கு மரியாதை 'ஒ' சேர்த்து 'ஒமோஷிதெ' என்று சொல்ல வேண்டும். உங்களுடையதைச் சொல்லும்போது 'ஒ' கூடாது, வெறும் 'மோஷிதெ'. இதை மாற்றிப் போட்டால் தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டது போல் ஆகும்.

கடிதத்தில் வழக்கமான வரி: "செக்கக்கு நொ ஒமோஷிதெ தெசுக, கொன்க்கை வ மியொக்குரசெத்தெ இத்ததக்கிமாஸ்." இவ்வளவு தூரம் முன்வந்திருக்கிறீர்கள், ஆனால் இந்தமுறை விட்டுவிடுகிறோம். 'கொன்க்கை வ' (இந்தமுறை) என்ற சொல்லை விடாதீர்கள். அடுத்தமுறைக்குக் கதவு திறந்திருப்பது அதனால்தான். "ஒக்கொத்தொவரி ஷிமாஸ்" (மறுக்கிறேன்) என்ற நேரடி வரி, வீட்டு வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளருக்கு.

ஏற்பதானால் "அரிகத்தை ஒமோஷிதெ" (நன்றிக்குரிய முன்வரவு) என்று தொடங்கி, "ஒக்கொத்தொப நி அமயெத்தெ" (உங்கள் சொல்லின் செல்லத்தில் சாய்ந்துகொண்டு) என்று தொடரலாம். உடனே ஏற்றுக்கொண்டால் பேராசை போலத் தெரியுமோ என்று மூன்றுமுறை மறுக்க வேண்டாம். அலுவலகத்தில் ஒருமுறை தயங்கினாலே போதும். இரண்டாம்முறை மறுத்தால் நிஜமாகவே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஜே.எல்.பி.டி. (ஜப்பானிய மொழித் திறன்) தேர்வில் எந்த நிலையில் வரும்?

2010-இல் தேர்வு மாற்றி அமைக்கப்பட்ட பிறகு அதிகாரபூர்வச் சொற்பட்டியல் வெளியிடப்படுவதில்லை. பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் மிகக் கடினமான என்1 நிலையில் வைக்கின்றன. ஆனால் 'ஒமோஷிதெ குதசை' என்ற பலகையை தொடக்க நிலையான என்5 படிப்பவரும் விமான நிலையத்திலிருந்து வெளியே வருவதற்குள் பார்த்துவிடுவார். தொடராக அதை முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள். வினைச்சொல்லாகக் கையாளுவதற்குச் செய்தி வாசிக்கும் நிலை வரட்டும். கேட்டல் பகுதியில் 'யார் என்ன செய்யப் போகிறார்' என்ற வகைக் கேள்வியில் இந்தச் சொல் வந்தால், முன்னால் நின்ற பெயர்ச்சொல்லைக் காதில் பிடித்தீர்களா என்பதுதான் விடை.